ஏரோப்பிளேன் பக்கம்

பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் எங்கள் கலைக்கூடம் இருக்கிறது. அங்கே என் வேலையின் பெயர் ஜேர்மன் மொழியில் ஒரு முழ நீளம். தமிழில் சொன்னால் எடுபிடி. வெளிநாட்டிலிருந்து கலைஞர் வந்தால் விமான நிலையத்தில் போய் நிற்பேன், தங்க இடம் பார்ப்பேன். இயக்குநர் ஃபிராவ் ஹென்னிங்குக்கும் கலைஞருக்கும் நடுவில் நின்று, இருவருடைய கோபத்தையும் நாகரிகமான சொற்களில் மாற்றிக் கொடுப்பேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து எட்டு வயதில் பேர்லினுக்கு வந்த எனக்கு, தக்சாயினிக்கு, மொழி நன்றாக வரும் என்று இந்த வேலையைக் கொடுத்தார்கள். மொழி வந்தால் பொறுமையும் கூடவே வரும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

2008 இலையுதிர் காலத்தில் வந்தவள் லெசீலி. வயது இருபத்தேழு. ஒக்லண்டில் பிறந்தவள், தாய் தகப்பன் டொங்காத் தீவிலிருந்து நியூசிலாந்துக்குப் போனவர்கள். டொங்கா எங்கே இருக்கிறது என்று நானும் வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன். அந்த ஊர்ப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, மல்பெரி மரப்பட்டையை அடித்துப் பாய்போல் பெரிய துணி ஒன்று செய்து, கறுப்பும் மண்ணிறமுமாகக் கோலம் தீட்டுவார்கள். அதற்குப் பெயர் ஙாட்டு. நம் அரிச்சுவடியில் வேலையில்லாமல் நிற்கிற ங எழுத்துக்கு டொங்காவில் ஏகப்பட்ட வேலை. துணியின் ஓரத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு முழத்துக்கும் ஓர் இலக்கம் எழுதியிருக்கும். அந்த அளவுக்குப் பெயர் லஙாஙா. இப்படி ஒரு சொல்லை நான் நாளைக்கு நூறு தடவை உச்சரிக்க வேண்டியிருந்தது.

லெசீலி கொண்டுவந்த ஙாட்டு இருபது லஙாஙா. முதல் பத்தையும் அவளுடைய அம்மா தீட்டியிருந்தார். ஒன்றோடொன்று பின்னிய முக்கோணங்கள், பறவைகள், அரச குடும்பத்துக்கு உரிய கோலங்கள். மற்றப் பத்தும் லெசீலியுடையது. அதில் விமானம் நின்றது. பெட்டிகளோடு வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அடுக்கு வீடுகளும், விடியப்புறத்தில் பொலிஸ்காரர் தட்டுகிற கதவும் இருந்தன. எழுபதுகளில் நியூசிலாந்துப் பொலிஸ் விசா முடிந்த தீவுக்காரரைத் தேடி இப்படித்தான் வீடு வீடாகக் கதவைத் தட்டியதாம். இரண்டு பாதியும் ஒரே துணியில் ஒட்டி நிற்பதுதான் தன் படைப்பு என்று லெசீலி சொன்னாள். ஐரோப்பாவில் அவளுக்கு இது முதல் கண்காட்சி. வேறு படைப்பு எதுவும் கொண்டுவரவில்லை. இது சரியாக அமைந்தால் இன்னும் இரண்டு நகரங்களில் காட்ட அழைப்பு வரும் என்றிருந்தது.

வந்த முதல் நாளே சண்டை தொடங்கியது. ஃபிராவ் ஹென்னிங் நகரமெங்கும் ஒட்டிய சுவரொட்டியில் ‘தென்கடலின் மரப்பட்டைத் துணி’ என்று அச்சடித்திருந்தார். பெட்டியைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்த்தேன். மரப்பட்டையாவது மண்ணாங்கட்டியாவது! சட்டைக் கொலருக்குள் விறைப்புக்கு வைத்துத் தைக்கிற துணி. ஜேர்மன்காரர் அதை ஃப்லீஸலீன் என்பார்கள், எந்தத் தையல் கடையிலும் சுருள் சுருளாகக் கிடக்கும்.

“ஒக்லண்டில் மல்பெரி மரத்துக்கு எங்கே போவது?” என்றாள் லெசீலி. “எங்கள் பெண்கள் இதில்தான் செய்கிறார்கள். கலியாணத்துக்கும் இதுதான், சாவுக்கும் இதுதான். இதை ஒளிக்கமாட்டேன்.”

“பார்வையாளர் இதற்காக வரமாட்டார்களே” என்றார் ஃபிராவ் ஹென்னிங். “அவளிடம் கொஞ்சம் அசலானது ஏதும் இல்லையா என்று கேள்.”

கேட்டேன். லெசீலி திருப்பிச் சொன்னதை நான் ஜேர்மனில் ‘கலைஞர் இந்தக் கேள்வியைப் பற்றி யோசிப்பதாகச் சொல்கிறார்’ என்று மாற்றினேன். இதற்குத்தான் சம்பளம்.

இதற்குள் லெசீலியின் அம்மா வேறு வந்து சேர்ந்தார். ‘அம்மாவும் வருகிறார்’ என்று லெசீலி மின்னஞ்சல் அனுப்பும்போது விமானச் சீட்டு எடுத்தாயிற்று. மெலெனைட்டே என்று பெயர். அறுபதைத் தாண்டியவர், என்னைப்போல் இரண்டு மடங்கு உருவம், தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். கலைக்கூடத்தின் விருந்தினர் அறையில் ஒரு கட்டில்தான். விடுதிக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஃபிராவ் ஹென்னிங் கையை விரித்துவிட்டார். நான் என் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருக்கிற கமலநாயகி அக்காவிடம் போய் நின்றேன். அவருடைய பிள்ளைகள் கனடாவில், ஓர் அறை சும்மா கிடந்தது.

“வரட்டும் பிள்ளை. சோறு தின்னுமோ?” என்று மட்டும் கேட்டார் அக்கா.

தின்றார். நன்றாகவே தின்றார். அக்காவின் கணவர் பரராசசிங்கம் அண்ணைக்கு அதில் பெரிய சந்தோசம். அண்ணை இருபது வருடம் உணவகச் சமையலறையில் நின்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்துகொண்டிருந்தார். அவருக்கு உப்பில்லாப் பத்தியம், ஆனால் மற்றவர் ருசித்துத் தின்பதைப் பார்க்கப் பிடிக்கும். துணியும் அந்த வீட்டுக்கே போனது. கலைக்கூடத்தில் தரைக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். பயணத்தில் மங்கிய கறுப்புக் கோடுகளை மெலெனைட்டே மீண்டும் தீட்ட வேண்டியிருந்தது. வரவேற்பறைக் கதிரைகளை ஓரங்கட்டிவிட்டு, துணியைப் பகுதி பகுதியாக விரித்து வேலை செய்தார். அவர் தன் பாதியை மட்டுமே தீட்டினார். மகளின் பாதியைச் சுருட்டிச் சுவரோடு தள்ளிவிடுவார். அதைத் தீட்ட லெசீலி பின்னேரங்களில் வருவாள். அவள் வந்தால் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

“அது ஙாட்டு இல்லை. படம்” என்று மெலெனைட்டே என்னிடம் சொன்னார். தாயும் மகளும் என்னோடு பேசியது ஆங்கிலத்தில். தங்களுக்குள் சண்டை பிடிக்கும்போது பாதி டொங்கா மொழி வரும். லெசீலியின் டொங்கா மொழி அரைகுறை. அவள் கோபத்தில் ஏதாவது சொன்னால், அம்மா முதலில் அவளுடைய இலக்கணத்தைத் திருத்திவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“ஏன் படம் என்கிறீர்கள்?”

“ஙாட்டில் மன்னருடைய காரியங்களைத் தீட்டுவோம். பொலிஸ்காரன் கதவைத் தட்டியதை யாராவது தீட்டுவார்களா? நான் கட்டிலுக்கடியில் கிடந்ததை உலகத்துக்குக் காட்டவா இவளைப் படிக்கவைத்தேன்?”

இதை லெசீலியிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும். “அம்மா ஒரு தடவைகூட நன்றாயிருக்கிறது என்று சொல்லவேண்டாம்” என்று மாடிப்படியில் நின்று புகைத்தபடி சொன்னாள். “நின்று பார்த்தாலே போதும். மூன்று வருடமாகச் செய்கிறேன். ஒரு நாள்கூட நின்று பார்க்கவில்லை.” எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு எரிச்சலும் வந்தது. மறுநாள் காலையில் எனக்கு மின்விளக்குக்காரனோடு சண்டை இருந்தது. இவர்கள் வீட்டுச் சண்டைக்கும் நான்தானா நடுவர்?

திறப்பு விழாவுக்கு முந்திய சனிக்கிழமை பரராசசிங்கம் அண்ணை இறந்துபோனார். இரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டார். அந்த மனிதருக்காக நான் உண்மையிலேயே அழுதேன். ஆனால் இங்கே அழுவதற்கும் Termin, அதாவது முன்பதிவு செய்த நேரம், வேண்டும். தகனசாலையில் கிடைத்த ஒரே நேரம் வெள்ளிக்கிழமை காலை. எங்கள் கண்காட்சித் திறப்பும் அதே வெள்ளிக்கிழமைதான், மாலை ஆறு மணிக்கு. கடவுளுக்கு நாட்குறிப்பு என்று ஒன்று இருந்தால் அதை யாராவது வாங்கிப் பார்க்கவேண்டும்.

அந்த வாரம் முழுவதும் அக்கா வீட்டில் சனம். மெலெனைட்டே சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பாத்திரம் கழுவினார், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார், பாஷை தெரியாத பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து உரத்து அழுதார். நம் ஆட்களே அசந்துபோனார்கள். வியாழக்கிழமை பின்னேரம் பெண்கள் கோடி போடுவதைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். இறந்தவருக்கு உறவினர் புதுத் துணி கொண்டுவந்து போர்த்துகிற முறை அது. என்ன கதைக்கிறார்கள் என்று மெலெனைட்டே கேட்க, சேலைக்கடை புஷ்பராணி அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி விளக்கியிருக்கிறார். ‘துணி. புதுத் துணி. குடும்பம் செத்த ஆளுக்குத் துணி கொண்டுவரும்.’ அதற்குப் பிறகு, இந்த நாட்டில் அதையெல்லாம் செய்ய விடமாட்டார்கள், எல்லோரும் பூவளையமே கொடுப்போம் என்று பெண்கள் தமிழில் முடிவெடுத்தார்கள். அந்த முடிவை மெலெனைட்டேக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தகனசாலை மண்டபத்துக்கு நான் பேருந்தில் போய் இறங்கினேன். உணவகத்தில் அண்ணையோடு வேலைசெய்த நான்கு பேர் நீளமான சுருள் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே போனார்கள். பின்னால் மெலெனைட்டே. தலை முதல் கால் வரை கறுப்பு. அதற்கு மேல் மார்பிலிருந்து முழங்கால்வரை பழைய பெரிய பாயொன்றைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். டொங்காவில் துக்க வீட்டுக்கு அப்படித்தான் போவார்களாம். மண்டபத்தில் இருந்த நம் சனம் சவப்பெட்டியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

சுருளை விரித்தார்கள். பெட்டிக்கு மேலாக முதல் பாதியைப் போர்த்தி, மீதியை நடைபாதை வழியே வாசல்வரைக்கும் விட்டார்கள். ஐயர் திருநீற்றுத் தட்டோடு எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். மெலெனைட்டே பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, டொங்கா மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். மாலை ஆறு மணிக்குச் சுவரில் தொங்கவேண்டிய துணி என் காலடியில் கிடந்தது. 

வெளியே ஓடி லெசீலிக்கு அழைத்தேன். “உன் அம்மா துணியைச் செத்தவீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.”

“எந்தத் துணியை?”

“உங்களிடம் எத்தனை துணி இருக்கிறது?” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஜேர்மன் கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தள்ளிப் போனார்.

லெசீலி டாக்சியில் வந்து இறங்குவதற்குள் உள்ளே இன்னொரு கூத்து நடந்தது. அடக்கச் சேவைக்காரர், கறுப்புக் கோட்டுப் போட்ட அமைதியான மனிதர், துணியின் ஓரத்தை இரண்டு விரலால் உரசிப் பார்த்தார். “இது ஃப்லீஸலீன் அல்லவா?” என்று என்னிடம் கேட்டார். “மன்னிக்கவேண்டும், செயற்கை இழை. இதைப் பெட்டியோடு உள்ளே அனுப்ப விதி இடம் கொடுக்காது. எரிந்தால் புகை வரும்.” மரப்பட்டையாக இருந்தால் பிரச்சினை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். உலகத்தில் இந்தத் துணி மரப்பட்டையாக இருக்கவேண்டும் என்று விரும்பிய இரண்டாவது ஜேர்மன் ஆள்.

அதை நான் மெலெனைட்டேக்குச் சொல்லும்போது லெசீலி மூச்சிரைக்க வந்து நின்றாள். அம்மா எழுந்து மகளைப் பார்த்தார். “கேட்டாயா? டொங்காவிலிருந்து என் அக்கா அனுப்பிய பட்டையில் செய்வோம் என்று சொன்னேன். இதுதான் எங்கள் வாழ்க்கை, இதுதான் கருத்து என்று பெரிய பேச்சுப் பேசினாய். இப்போது ஒரு செத்த மனிதருக்குக்கூடக் கொடுக்க முடியவில்லை!”

“கொடுக்கச் சொல்லி யார் சொன்னது? அது என்னுடையது!”

“உன்னுடையதென்றால் நீதான் கொடுத்திருக்கவேண்டும். அந்த மனிதர் வீட்டில் நீயும்தானே சாப்பிட்டாய்? நீ வெறுங்கையோடு நிற்பாய், நான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டுமா?”

 எனக்கோ உள்ளுக்குள் பெரிய நிம்மதி. எரிக்கமுடியாது என்றால் துணி தப்பியது. எதிர்மாறான காரணங்களுக்காக எல்லோரும் கோபமாக இருக்கட்டும், ஆறு மணிக்கு அது சுவரில் இருந்தால் போதும். கிரியை முடிந்து, பெட்டி மட்டும் உள்ளே போய், சனம் கலையத் தொடங்கியது. நானும் லெசீலியும் துணியை மடிக்கக் குனிந்தோம்.

“தக்சா, என்ன செய்யிறியள்?”

கமலநாயகி அக்கா. அதுவரை முன் கதிரையில் கைகளை மடியில் போட்டபடி இருந்தார்.

“மடிக்கிறம் அக்கா. இது பின்னேரம் கண்காட்சிக்குப் போகவேணும். தெரியாமல் கொண்டந்திட்டா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“கோடி போட்டதை ஆரும் திருப்பி எடுக்கிறதே?”

“அக்கா, இது கோடி இல்லை…”

“வேறை என்ன? அவருக்கெண்டு கொண்டந்து, அவருக்கு மேலை விரிச்சது. இண்டைக்கு வந்த சனம் எல்லாம் பூ. ஆளுக்கொரு வளையம், அதில பேரை எழுதின ரிபன். உந்தப் பூவை நான் கொண்டுபோய் என்ன செய்யிறது? சொந்தக்காரர் எண்டு இருக்கிறவை ஒருத்தர் ஒரு முழத் துண்டு கொண்டரேல்லை. இந்த மனுசி ஒராள்தான் கொண்டந்தது. அது எனக்கு வேணும்.”

“அக்கா, எரிக்க விடமாட்டினமாம்…”

“எரிக்கச் சொல்லி நான் கேட்டனானே? வீட்டை கொண்டுபோறன்.”

லெசீலி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “என்ன சொல்கிறார்?” நான் சொன்னேன். வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய பேச்சைத் தேன் தடவிக் கொடுத்திருக்கிறேன். அன்று தடவத் தேன் இல்லை. அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

லெசீலி அக்காவைப் பார்த்தாள். அவருடைய துக்கத்துக்கு முன்னால் அவளால் கத்த முடியவில்லை. அம்மாவிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் சீறினாள். “எனக்கு வேறு எதுவும் இல்லை. மூன்று வருடம். மாலையில் அந்தச் சுவரில் நான் எதைத் தொங்கவிடுவேன்?”

மெலெனைட்டே கொஞ்சம் யோசித்தார். பிறகு துணியின் ஓரத்தில் இருந்த இலக்கங்களைக் காலால் காட்டினார். “இதில் எதற்கு இலக்கம் போட்டிருக்கிறோம்? வெட்டிப் பங்கிடத்தானே. பத்தில் வெட்டு.”

“அது ஒரே படைப்பு!”

“ஒரே துணி. கத்தரிக்கோலுக்கு அது தெரியாது.”

நான் நடுவில் புகுந்தேன். பாதியாவது கிடைக்கிறதே என்றிருந்தது. லெசீலியை ஓரமாகக் கூட்டிப்போய், உன் பாதியை எடு, அம்மாவின் பாதியை அக்கா வைத்திருக்கட்டும், ஹென்னிங்கை நான் சமாளிக்கிறேன் என்று கெஞ்சினேன். அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் தலையாட்டினாள். அடக்கச் சேவைக்காரர் பூவளைய ரிபன் வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொடுத்தார். லெசீலி முழங்காலில் இருந்து, பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். துணி வெட்டுப்படுகிற சத்தம் எனக்கே பொறுக்கவில்லை. மெலெனைட்டே தன் பாதியை அழகாக மடித்து, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைத்தார். எல்லாம் முடிந்தது என்று நான் பேருந்துக்கு நேரம் பார்த்தேன்.

“இது வேண்டாம்” என்றார் அக்கா. “மற்றது.”

“எது அக்கா?”

“ஏரோப்பிளேன் பக்கம்.”

அந்த நிமிடத்தில் எனக்கு அக்காவின் மேல் வந்த கோபத்தைச் சொல்லக்கூடாது. துக்கத்தில் இருக்கிறவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

மெலெனைட்டே பதறிப்போனார். “இல்லை, இல்லை. அவருக்குச் சொல், இதுதான் முறையானது, பெரியவர்களுக்குப் போடுகிற கோலம். அது வெறும் படம். சிறுபிள்ளை வேலை. மரியாதையான மனிதருக்கு அதைக் கொடுப்பது அவமானம்.”

“படமோ என்னவோ” என்றார் அக்கா. “இவர் இரத்தம் மாத்திப்போட்டு வந்து சோபாவில கிடக்கேக்கை, சுவரோடை சுருட்டி வைச்ச அதை விரிச்சுவிடச் சொல்லிக் கேப்பார். நான்தான் விரிச்சுவிடுறனான். முக்கோணத்தைப் பாக்கேல்லை, பறவையைப் பாக்கேல்லை. அந்த வரிசையைத்தான் பாத்துக்கொண்டு கிடப்பார். ‘உது ஷோனஃபெல்ட் எயாப்போட்டு. நான் மொஸ்கோவால வந்து இறங்கின இடம். உந்தப் பெட்டைக்கு எப்பிடித் தெரிஞ்சது?’ எண்டு கேப்பார். உது வேறை ஊர் எண்டு நான் சொன்னால் கோவம் வரும். ‘எனக்குத் தெரியாதோ? பெட்டியோடை மூண்டாவதா நிக்கிறது நான்தான்’ எண்டு சொல்லுவார். கதவு தட்டுறதையும் காட்டுவார். நாங்கள் விசா இல்லாமல் இருந்த நாளில எங்கட கதவையும் தட்டினவங்கள்.”

இதைச் சொல்லும்போதுதான் அக்காவின் குரல் உடைந்தது. சொல்லி முடித்து, சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டார்.

நான் மொழிபெயர்த்தேன். ஷோனஃபெல்ட் என்பது நகரை இரண்டாகப் பிரித்த சுவர் இருந்த காலத்தில் கிழக்கு பேர்லின் விமான நிலையம், எங்கள் ஆட்கள் பலர் மொஸ்கோ வழியாக அங்கேதான் வந்து இறங்கினார்கள் என்று விளக்கமும் சேர்த்தேன். லெசீலி மெதுவாகச் சொன்னாள். “அது ஒக்லண்ட். பெட்டியோடு மூன்றாவதாக நிற்பது அம்மா.”

“அக்கா, அது ஒக்லண்டாம். அதில நிக்கிறது இவ தானாம்.”

“இருக்கட்டும்” என்றார் அக்கா. “இவருக்குப் பின்னாலை நிண்டிருப்பா.”

மெலெனைட்டே, மடித்த தன் பாதி அக்காவின் காலடியில் கிடக்க, தரையில் விரிந்திருந்த மகளின் பாதிக்குப் பக்கத்தில் போய் நின்றார். விமானம் இருந்த இடத்திலிருந்து வரிசை வழியே, அடுக்கு வீடு வழியே, கதவுவரைக்கும் நடந்தார். கதவுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். நான் லெசீலியைப் பார்த்தேன். அவள் மூச்சுவிடாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் குனிந்து தன் பாதியை மடிக்கத் தொடங்கினாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. மாலையில் தொங்கவேண்டியது அதுதான் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். “லெசீலி, யோசித்துச் செய்” என்றேன். கேட்கவில்லை. மடித்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்காவிடம் போனாள். அப்படிப் பிடிக்கக்கூடாது, உள்ளங்கை மேலே பார்க்கவேண்டும், தலை குனியவேண்டும் என்று மெலெனைட்டே பின்னாலிருந்து அதட்டினார். அவள் திருத்திப் பிடித்துக் கொடுத்தாள். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மாலையில் மெலெனைட்டேயின் பத்து லஙாஙா மட்டும் சுவரில் தொங்கியது. ஃபிராவ் ஹென்னிங்கிடம் நான் வாங்கிக்கட்டப்போகிறேன் என்று பயந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, “உண்மையைச் சொன்னால் இப்போதுதான் நன்றாயிருக்கிறது” என்றார். “அந்த விமானமெல்லாம் குழப்பிக்கொண்டிருந்தது. இது எவ்வளவு அசல்!” வந்தவர்களும் கையில் வைன் கிண்ணத்தோடு கிட்டப்போய், மரப்பட்டையின் நார் தெரிகிறது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. லெசீலி தன் பெயர் போட்ட சீட்டுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஃபிராவ் ஹென்னிங் ஒலிவாங்கியைத் தட்டினார். மரபின் உண்மையான காவலர் நம்மிடையே இருக்கிறார் என்று சொல்லி, மெலெனைட்டேயை முன்னால் அழைத்தார். கைதட்டல். மெலெனைட்டே காலையில் சுற்றிய அதே பாயோடு மேடைக்கு வந்தார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். இதுவும் ஒரு சடங்கு, நன்றி சொல்லிவிட்டு இறங்குவார், நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, அந்தத் தேவாலயக் குரலில் சொன்னார். “எல்லோரும் மன்னிக்கவேண்டும். இங்கே நீங்கள் பார்ப்பது மிச்சம். எங்கள் ஆட்கள் எப்போதும் நல்லதைக் கொடுத்துவிடுவோம், மிச்சத்தைத்தான் வைத்துக்கொள்வோம். நல்ல பாதி இன்று காலை ஒரு பெரிய மனிதருடைய வீட்டுக்குப் போய்விட்டது. அதைச் செய்தவள் என் மகள்.”

சொல்லிவிட்டு ஒலிவாங்கியை என் கையில் திணித்தார். நான் ஜேர்மனில் சொன்னேன். மிச்சம் என்ற சொல்லுக்கு மெல்லிய சொல் ஒன்று இருந்தது, வாய்வரை வந்தது. அதைத் தள்ளிவிட்டு Rest, வெறும் மிச்சம், என்றே சொன்னேன். ஃபிராவ் ஹென்னிங்கின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. எங்கே தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

லெசீலி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. “அம்மா சொன்னதைச் சரியாகத்தானே சொன்னாய்? வழக்கம்போல் மாற்றவில்லையே?”

“ஒரு சொல்லும் மாற்றவில்லை.”

“எல்லாவற்றையும்? கடைசி வசனத்தையும்?”

“கடைசி வசனத்தையும்.”

“மறுபடி சொல்” என்றாள். “பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது.”

நான் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் மறுபடியும் சொன்னேன்.